சென்ற முறைக்குப் பிறகு என்ன மாறியது?

நேற்று உங்கள் எழுத்தர் தட்டச்சு செய்து கொண்டுவந்த வாக்குமூலத்தை வாசித்தேன், இன்ஸ்பெக்டர் மேடம். மோசமென்று சொல்லமாட்டேன். ஆனால் 'மேற்படி நபர் மேற்படி இடத்தில் மேற்படி செயலை' என்று போனால் படிக்கிறவருக்கு முதல் பத்தியிலேயே கொட்டாவி வந்துவிடும். பிறகு யார் என்ன செய்தார் என்பதில் அவருக்கு அக்கறை இருக்காது. அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். பேனாவும் தாளும் கொடுத்ததற்கு நன்றி. தேநீரில் சர்க்கரை போடவேண்டாம் என்று சொன்னதை உங்கள் காவலர் நினைவில் வைத்திருந்தார், அவருக்கும் நன்றி.

முதலில் ஒரு திருத்தம். எழுத்தர் என்னை 'டியூஷன் மாஸ்டர்' என்று குறித்திருக்கிறார். நான் கணக்குச் சொல்லித்தரும் ஆள் இல்லை. நுழைவுத் தேர்வுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர நம் புனேயில் மாடிக்கு மாடி வகுப்பு நடக்கிறது. அங்கே படித்துப் பிரமாதமான மதிப்பெண் எடுத்துவிட்டு, அப்புறம் என்ன செய்வது என்று விழிக்கிற பிள்ளைகள்தான் என்னிடம் வருவார்கள். வெளிநாட்டில் எம்.பி.ஏ. சொல்லித்தரும் பெரிய கல்லூரிகள் மதிப்பெண்ணை வாசலோடு நிறுத்திவிடும். உள்ளே விடுமுன் 'நீ யார்?' என்று கேட்கும். அதற்குக் கட்டுரையில் பதில் எழுத வேண்டும், பிறகு நேர்காணலில் அதே பதிலை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பது மிலிந்த் ராஜ்வாடே ஆகிய என்னுடைய தொழில். பிரபாத் சாலையில் உள்ள என் அறையை நீங்களே பார்த்தீர்கள். மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் பிள்ளைகளின் படங்கள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் புளுகர்கள். பள்ளிக்கூடமே பார்க்காத பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் பாடம் எடுத்தேன், மலை கிராமத்துக்குக் குழாய் போட்டேன் என்று அவர்களே ஒரு கதையைக் கட்டிப் பையன் பெயரில் அனுப்பிவிடுவார்கள். கல்லூரிகளும் லேசுப்பட்டவை அல்ல. எழுதியதைச் சரிபார்க்கவென்றே ஆட்களை வைத்திருக்கின்றன. அவர்கள் ஊருக்கு போன் போட்டுக் கேட்பார்கள், ஆவணங்களை வரவழைத்துப் பார்ப்பார்கள். அவுந்த் பக்கத்துப் பையன் ஒருவன் அப்படி மாட்டிக்கொண்டான். குளிருக்குக் கோட்டு வாங்கி, விமானம் ஏறி, விடுதியில் பெட்டியைத் திறந்த பிறகு திருப்பி அனுப்பினார்கள். அவன் அப்பா இன்றைக்கும் கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை.

என் அறையிலிருந்து ஒரு பொய்கூட வெளியே போகாது. வருகிற பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். என் பிள்ளைகள் எழுதுவது எல்லாம் நடந்தவை. ருசாவின் அண்ணன் ராஜ்கட் கோட்டை ஏறும்போது விழுந்தார், இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவரையும் கவனித்துக்கொண்டு அவள் வேலைக்கும் போனாள், அதை எழுதினாள். தன்மய் சொந்தமாக ஒரு மசாலா கம்பெனி நடத்தினான். தீபாவளிச் சரக்கு முழுவதும் அடுக்கியிருந்த நேரத்தில் கிடங்கு எரிந்தது. சாம்பலைக் கூட்டிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தான், அதை எழுதினான். இரண்டு பேரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்தால் தெரியும். சிலருக்கு வேண்டிய நேரத்தில் வேண்டியது நடந்துவிடுகிறது.

சோஹமுக்கு எதுவும் நடக்கவில்லை.

சோஹம் ராஸ்னே என்னிடம் வந்தது மே மாத வெயிலில். அதற்கு முந்தைய வருஷம் அவனாகவே விண்ணப்பித்து, கேட்ட இடத்திலெல்லாம் கதவடைப்பு. நுழைவுத் தேர்வில் அவன் எடுத்த மதிப்பெண்ணை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. நல்ல கம்பெனியில் வேலை. அப்பா பல் மருத்துவர். அம்மா ஷரயூ, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடம் எடுத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். கடன் கிடையாது, நோய் கிடையாது, பங்காளிச் சண்டைகூடக் கிடையாது. எனக்கு அவனைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. கதவைத் திறப்பதற்கு முன் செருப்பை நேராக விடுகிற பையன்.

"ஏன் சார், என்னை ஒருத்தருமே நேர்காணலுக்குக் கூப்பிடல?" என்றான்.

"உன்னைப் பத்திச் சொல்ல ஒண்ணுமே இல்லடா. உப்புச் சப்பில்லாம ஒரு வாழ்க்கை வாழ்ந்து வெச்சிருக்க."

"அது என் தப்பா சார்?"

"தப்புன்னு யார் சொன்னா? படிக்கிறவனுக்குத் தூக்கம் வருது, அவ்ளோதான். வீட்ல ஏதாவது கஷ்டம் வந்திருக்கா? யோசிச்சுச் சொல்லு."

அவன் தலையைச் சொறிந்தபடி வெகு நேரம் யோசித்தான். பிறகு தன் அம்மாவைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஆயிக்குக் கொரோனா வந்து போனதுலேர்ந்து மணமே தெரியறதில்ல சார். பருப்பு அடிபிடிச்சாக்கூட நாங்கதான் கத்தணும். பாபா கேலி பண்ணுவாரு, வாசமே தெரியாம என்ன சமையல்னு."

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். இருபத்தாறு வயதுவரை அவன் குடும்பத்துக்கு வந்த துன்பம் அவ்வளவுதான். அதைக் குறித்து வைத்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். காதில் விழுந்தது, தங்கிவிட்டது.

இங்கே உங்களுக்கு ஒரு விஷயம் புரிய வேண்டும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் விபரீதமாகத் தெரியும். ஒருமுறை மறுக்கப்பட்டவன் மறுபடி விண்ணப்பித்தால் கல்லூரிகள் அவனிடம் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கும். சென்ற முறைக்குப் பிறகு உங்கள் வாழ்க்கையில் என்ன மாறியது? இந்தக் கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை. அதே ஆள், அதே வேலை, அதே வீடு என்றால் அதே பதில்தான் வரும். சோஹமுக்குச் சம்பளம் கொஞ்சம் கூடியிருந்தது. வேறொன்றும் மாறவில்லை. மாறியதாக எழுதினால் பொய். நான் பொய் எழுதுவதில்லை. ஆக என்ன மிச்சம் இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

அவனாக எழுதிக்கொண்டுவந்த முதல் கட்டுரை அவன் அம்மாவைப் பற்றியது. யார் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாட்டு வகுப்பு முடிந்து பொழுது சாயும்போது அவர் வந்துவிடுவாராம். செருப்பைக் கழற்றி, கால் கழுவி, வேறெந்த வேலையும் தொடாமல் நேரே சமையலறைக்குப் போய், அங்கே இருக்கும் சாமி அலமாரி முன் விளக்கேற்றுவாராம். அந்த ஒழுங்குதான் தனக்கு வாழ்க்கையைக் கற்றுக்கொடுத்ததாம். நன்றாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் கடல் கடந்து உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஐம்பது கட்டுரை படிக்கிறவர் ஒரு விளக்குக்காக அடுத்த பக்கத்தைத் திருப்பமாட்டார். தாளை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். முகம் சுருங்கிப் போயிற்று.

பிள்ளைகளின் வீட்டுக்கு ஒருமுறையாவது போய்வருவது என் வழக்கம். அவர்கள் சொல்ல மறந்ததை வீடு சொல்லிவிடும். ஜூலையில் போனேன். ஷரயூதாய் எனக்கு அவல் போஹா கொடுத்தார். (எங்கள் பக்கம் அக்காவைத் தாய் என்றுதான் கூப்பிடுவோம். எழுத்தர் அவரை என் தாயார் என்று எழுதிவிட்டார், அதையும் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.) தேங்காய்த் துருவலைத் தாராளமாகப் போட்டிருந்தார். பேசும்போதே சுருதி சேர்ந்த குரல். அடுத்த அறையிலிருந்து மகனைக் கூப்பிட்டாலும் ஒரு ராகத்தை ஆரம்பிப்பது போல இருக்கும்.

"என்ன சார், எங்க பையனுக்குக் கஷ்டம் ஏதாவது கெடச்சுதா?" என்று கேட்டார்.

"தேடிக்கிட்டே இருக்கோம் தாய்."

"நாளைக்கு மண்டிக்குப் போறேன். கால் கிலோ கஷ்டம் நல்லதா இருந்தா வாங்கிட்டு வந்துடறேன், போதுமா?"

"ஆயி, சும்மா இரேன்," என்றான் சோஹம்.

"நீ சும்மா இரு. பெத்து வளத்து ஒரு குறையில்லாம வெச்சிருந்தது என் தப்பு, நான்தான பரிகாரம் தேடணும்?"

மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் உண்மையான பிரியம் உண்டு. அதை இந்த வாக்குமூலத்தில் யாரும் அடித்துவிடக் கூடாது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் யோசித்தேன். இந்தத் துறையில் அனுபவம் இல்லாதவர் என்றால் உடனே சாவைத்தான் நினைப்பார். சாவு சரிப்படாது. அப்பா செத்தார், அம்மா செத்தார் என்று ஒவ்வொரு பருவத்திலும் மூட்டை மூட்டையாக வருகிறது. படிக்கிறவர் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்ததை எடுத்துவிடுவார். அதோடு செத்தவருக்கு விண்ணப்பதாரர் செய்ய ஒன்றுமில்லை. ஆள் பிழைத்திருக்க வேண்டும். பிழைத்தவரைத் தூக்கி நிறுத்துகிற வேலை நம் பையனுடையதாக இருக்க வேண்டும். இதெல்லாம்கூட இரண்டாம் தரம்தான். முதல் தரம் எது தெரியுமா? நடந்ததற்குக் காரணமே விண்ணப்பதாரர்தான் என்று இருப்பது. தன் தவறை ஒளிக்காமல் சொல்லி, அதைச் சுமந்துகொண்டு நடக்கிறவனை எந்தக் கல்லூரியும் விடாது. சோஹம் ஒரு தவறும் செய்யக்கூடிய பையன் இல்லை. அந்த ஒரு குறை அவனிடம் இருந்தது.

ஆகஸ்டில், சிராவண மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மறுபடி அவன் வீட்டுக்குப் போனேன். காலையிலிருந்து அடைமழை. அப்பா சிகிச்சை நிலையத்தில், அம்மா பாட்டு வகுப்பில். நாங்கள் இரண்டு பேர் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து கட்டுரையில் எதிர்காலத் திட்டம் பற்றிய பகுதியைத் தட்டிக்கொட்டிக்கொண்டிருந்தோம். நடுவில் அவன் எழுந்துபோய்த் தேநீர் போட்டான். இஞ்சி தட்டிப் போட்ட நல்ல தேநீர். நான் சமையலறை வாசலில் சாய்ந்து நின்று அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். நான்கு பர்னர் கேஸ் அடுப்பு. முன்வரிசையில் வலப்பக்கத்தில் வைத்தான், கொதித்ததும் மூடினான். மூடியதை நான் பார்த்தேன்.

குடித்து முடித்ததும் வெளியே ஒரு காப்பிக் கடைக்குப் போய் மிச்சத்தை எழுதலாம் என்று நான்தான் சொன்னேன். அவன் மடிக்கணினியைப் பைக்குள் வைத்து, மழைச்சட்டையைத் தேடிக்கொண்டிருந்தான்.

"கப்பை நான் உள்ள வெச்சுட்டு வரேன்," என்றேன்.

"ஐயோ, நீங்க எதுக்கு சார்? அங்கயே இருக்கட்டும்."

"ஒன் அம்மா வந்து, சாருக்கு மரியாதை தெரியலன்னு சொல்லணுமா?"

கோப்பைகளைத் தொட்டியில் வைத்தேன். சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்ததால் ஜன்னலைச் சாத்தினேன். பிறகு பின்வரிசையில் இடப்பக்கம் இருக்கும் சின்ன அடுப்பைப் பற்றவைக்காமல் திறந்துவிட்டேன். முன்னால் இருப்பதைத் திறந்திருந்தால், கிளம்பும்போது அவன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தால் கண்ணில் பட்டிருக்கும். பின்னால் இருப்பதைத் தோசைக்கல் மறைத்திருந்தது. அவன் தண்ணீர் குடிக்க வரவில்லை. கதவைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் ஒரே குடையில் இறங்கினோம், அவன் மழைச்சட்டை கிடைக்கவே இல்லை.

நான் நினைத்தது என்ன என்று நீங்கள் நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். கொஞ்சம் முடி பொசுங்கும், சுவர் கருகும், கையில் காயம் வரும் என்று நினைத்தேன். மகன் சில மாதம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வான். தண்டனையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நினைத்தது அதுதான். அளவு தவறியது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

காப்பிக் கடையில் அவன் போன் அடித்தபோது நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வருவதெல்லாம் பிறகு கட்டுரைக்குத் தேவைப்படும். முதலில் அவன் சிரித்தான் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கும். எதிர்முனையில் பேசியவர் விளையாடுகிறார் என்று நினைத்தானாம். அந்தச் சிரிப்பைக் கட்டுரையின் முதல் வரியில் வைத்தோம். நான் படித்த முதல் வரிகளில் அதுபோல் ஒன்று இல்லை.

விளக்கேற்றத் தீக்குச்சி உரசியதும் சமையலறையே பற்றிக்கொண்டதாம். ஷரயூதாய் பிழைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு பக்கம், கழுத்து, இரண்டு கைகள். வெளிக்காயம் மெல்ல ஆறிவிடும் என்றார்கள். நெருப்பை மூச்சோடு இழுத்துவிட்டதால் தொண்டை வெந்துபோயிருந்தது. குரல் திரும்ப வராது என்று மருத்துவர் சொன்னபோது அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். பல் மருத்துவர், ஆயிரம் வாயைத் திறந்து பார்த்தவர், அவருக்கு வாயே திறக்கவில்லை.

சோஹம் ஆஸ்பத்திரி நடைகூடத்தில் சுவரோரமாக நின்றான். நான் தினமும் போனேன். அவர்கள் வீட்டு மனிதர்கள் அதைப் பற்றி இன்னமும் நன்றியோடு பேசுவார்கள் என்று நினைக்கிறேன், அல்லது இந்த வாரம்வரை பேசியிருப்பார்கள்.

"ஏதோ ஒரு அடுப்பு தெறந்திருந்துதாம் சார்," என்றான். "தீயணைப்புக்காரங்க பாபாகிட்ட சொல்லியிருக்காங்க. கடைசியா அடுப்பைத் தொட்டது நான்தான். ஆனா நான் மூடினேன் சார். சத்தியமா மூடினேன்."

நான் அவன் தோளில் கை வைத்தேன். "நல்லா யோசிச்சுப் பாரு. மூடினது ஞாபகம் இருக்கா, இல்ல எப்பவும் மூடற பழக்கம் ஞாபகம் இருக்கா?"

அவன் வலது கையைத் தூக்கி, அடுப்பைத் திருகி மூடுவது போலக் காற்றில் திருப்பிப் பார்த்தான்.

"அன்னிக்கு அவசரமாக் கெளம்பினோம். நீ மழைச்சட்டையைத் தேடிக்கிட்டிருந்த. மனுஷன்னா மறக்கறதுதான். அதை மறைக்கறவன்தான் கோழை."

"நீங்க பாத்தீங்களா சார், நான் மூடலன்னு?"

"நான் உன்கூடப் பேசிக்கிட்டிருந்தேன்டா. அடுப்பையா பாத்துக்கிட்டிருந்தேன்?"

அதைக் கேள்வியாகத்தான் கேட்டேன், கவனியுங்கள். பார்க்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் அவன், "மூடல சார், மறந்துட்டேன்," என்று சொல்ல ஆரம்பித்தான். அப்பாவிடம் போய்ச் சொன்னான். அப்பா அவனைக் கட்டிக்கொண்டு, "விடு, இனி இந்த வீட்ல யாரும் இதைப் பத்திப் பேச வேண்டாம்," என்றார். அம்மாவிடமும் சொன்னான். அவர் கட்டுப்போட்ட கையால் அவன் தலையைத் தடவினார், வேறென்ன செய்ய முடியும், பேச முடியாதே. எந்த அடுப்பு, எப்படி என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. அப்பாவும் மகன் நொந்துபோவான் என்று தீயணைப்புத் துறையின் அறிக்கையைப் பூட்டி வைத்துவிட்டார்.

அந்தக் கட்டுரையை அவன் எட்டு நாளில் எழுதினான். என் அறையில் உட்கார்ந்துதான் எழுதினான், வீட்டில் எழுத முடியவில்லை என்றான். எழுதுவான், எழுந்து போவான், முகம் கழுவி வருவான், மறுபடி எழுதுவான். நான் அவசரப்படுத்தவில்லை. காலையில் அம்மாவுக்குப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டு மாற்றுவதையும், அவருடைய மாணவிகள் வாசலில் வந்து நின்று பாடிவிட்டுப் போவதையும், அந்த நேரம் அவன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வதையும் எழுதினான். உப்புச் சப்பில்லாத அந்தப் பையனா இவன் என்று எனக்கே மலைப்பாக இருந்தது. சென்ற முறைக்குப் பிறகு என்ன மாறியது என்ற கேள்விக்கு இதைவிட முழுமையான பதிலை நான் படித்ததில்லை.

ஒரே ஒரு இடத்தில் தகவல் பிழை இருந்தது. 'தேநீர் வைத்த முன்னடுப்பை மூட மறந்தேன்' என்று எழுதியிருந்தான். சரிபார்க்கிறவர்கள் தீயணைப்பு அறிக்கையை வரவழைத்தால் என்ன ஆகும்? அறிக்கையில் ஒன்று, கட்டுரையில் வேறொன்று. இவ்வளவு பாடுபட்ட பையன் ஒரு சின்ன முரண்பாட்டில் இடத்தை இழப்பானா? பிள்ளைகளின் தாளில் தவறான தகவலைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. 'முன்னடுப்பை' என்பதை அடித்துவிட்டு, 'பின்வரிசையில் இடப்பக்கச் சின்ன அடுப்பை' என்று எழுதினேன். அவனும் கேட்கவில்லை. அந்த நிலையில் நான் எதைத் திருத்தினாலும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

நேர்காணல் நன்றாக நடந்தது. அந்தக் கல்லூரியில் படித்து இப்போது மும்பையில் இருக்கும் ஒருவர் வந்து எடுத்தார். அதற்கு முன் என் அறையில் நாங்கள் பலமுறை ஒத்திகை பார்த்தோம். அம்மாவைப் பற்றிக் கேட்டால் எந்த இடத்தில் நிறுத்துவது, எங்கே தண்ணீர் குடிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் அழுதான். "அழுகையை அடக்கறது தெரியணும், அழுகை தெரியக் கூடாது," என்று சொல்லிச் சொல்லிச் சரிசெய்தோம். டிசம்பரில் இடம் கிடைத்தது. எனக்குப் பேடா வாங்கிக்கொண்டு வந்து காலில் விழுந்தான்.

பேடா கொடுத்த அன்று நான் ஒன்று சொல்லியிருக்க வேண்டும், கட்டுரையை வீட்டில் காட்டாதே என்று. தோன்றவில்லை. எழுதியது உண்மைதானே, காட்டினால் என்ன என்ற எண்ணம்.

கிசுகிசுக்கும் அளவுக்குத் தேறிய ஷரயூதாய் கேட்டாராம், என்னைப் பற்றி என்னதான் எழுதின, கொடு என்று. வெகு நாள் மறுத்துவிட்டுப் போன வாரம் கொடுத்திருக்கிறான். அவர் மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் படித்திருக்கிறார். பிறகு அவனிடம் கேட்டிருக்கிறார். இதை சோஹம் என் அறையில் வைத்து என்னிடம் அப்படியே சொன்னான்.

"டீயை அந்தச் சின்ன அடுப்புலயா வெச்ச?"

"இல்ல ஆயி. முன்னாடி இருக்கறதுல."

"அப்பறம் ஏன் இப்படி எழுதின?"

"சார்தான் திருத்தினாரு."

அவர் கணவரைக் கூப்பிட்டு அறிக்கையை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். அதில் பின்வரிசை, இடப்பக்கம், சின்னது என்றுதான் இருந்தது. அந்தத் தாளை அவரும் கணவரும் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை மகனோடு என் அறைக்கு வந்தார். சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தார். என் எதிரே உட்கார்ந்தார். குரல் என்று சொல்ல முடியாது, காற்று மட்டும் வருகிறது. நான் மேசை மேல் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தீயணைப்பு நிலையத்தில் விசாரித்தேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அந்த நொடியில்கூட அவர் என்னை நம்பத் தயாராகத்தான் வந்திருந்தார், முகத்தில் தெரிந்தது. ஆனால் அது பொய்.

"நான்தான் தெறந்தேன் தாய்," என்றேன்.

ஏன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் சோஹமின் முதல் கட்டுரையை, அந்த விளக்குக் கட்டுரையை நினைவுபடுத்தி, அதில் என்ன போதவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்தேன். மறுமுறை விண்ணப்பிக்கிறவர்களிடம் கேட்கும் கேள்வியை விளக்கினேன். சாவு ஏன் சரிப்படாது என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சோஹம் எழுந்து வந்து தன் அம்மாவுக்குப் பின்னால் நின்று, இரண்டு கைகளாலும் அவர் காதுகளைப் பொத்தினான். அவர் அந்தக் கைகளை விலக்கினார். முழுக்கக் கேட்டார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "நீ மூடினடா," என்றார். "நீ மூடினதானடா." என்னை அவர் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. அவன் அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு எழுப்பிய சத்தத்தைக் கேட்டுத்தான் கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரர் ஓடிவந்தார், உங்களுக்கு போன் செய்தார்.

அவன் அந்த இடத்தை வேண்டாமென்று கல்லூரிக்கு எழுதிவிட்டதாக நேற்று சொன்னீர்கள். எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. அந்த வீட்டில் ஒவ்வொருவரும் பட்ட கஷ்டம் அத்தனையும் வீண். இன்னும் நேரம் இருக்கிறது, யாராவது அவனிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் பேசினால் கேட்பான், அனுமதிப்பீர்களா என்று தெரியவில்லை.

வருத்தப்படுகிறீர்களா என்றும் கேட்டீர்கள். வருத்தப்படுகிறேன். சோஹமின் கட்டுரையில் நான்காவது பத்தியில் 'என் கவனக்குறைவால்' என்று இருக்கிறது. அவன் கவனக்குறைவாக இருக்கவில்லை. மூடினான், நான் பார்த்தேன். அந்தச் சொல் பொய். இத்தனை வருஷத்தில் என் அறையிலிருந்து வெளியே போன ஒரே பொய் அதுதான். அந்தக் கல்லூரிக்கு என் சார்பில் ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்ப ஏற்பாடு செய்தால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

என் அறைச் சுவரில் இருக்கும் மற்ற படங்களைக் காட்டி, இவர்கள் விஷயம் என்ன என்று கடைசியாகக் கேட்டீர்கள். அவர்கள் கட்டுரைகளைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ருசா தன் அண்ணன் கோட்டையிலிருந்து விழுந்தார் என்று எழுதினாள், விழுந்தார். தன்மய் தன் கிடங்கு எரிந்தது என்று எழுதினான், எரிந்தது. நீங்கள் யாருக்கும் போன் போட்டுச் சரிபார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு இடத்திலும் நான் பக்கத்தில் இருந்தேன்.